செம்மறித் தோல் வைத்த ஹெட்போன்

1

இந்த மாதத்தில் நான்காவது முறையாக அந்த மின்னஞ்சல் வந்திருக்கிறது. "விமலா, நீங்கள் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது? உங்கள் அனுபவத்தை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்." கீழே ஐந்து நட்சத்திரங்கள், ஐந்தும் காலியாக. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறதாம்.

பொருள் ஒரு ஹெட்போன். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் தடுக்கவில்லை, பதினோரு வருடத்தில் அது ஒரு மாதிரி வந்துவிட்டது. இது எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அதனால் கடைக்கு எழுத வேண்டியதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு எத்தனை நட்சத்திரம் போடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, இங்கே வந்தவர். நான் அவர் பின்னால் வந்தவள். வருவதற்கு முன் பத்து வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற செக்கிங்கில் இருந்தேன். "செக்கிங் விமலா" என்றால் தெரியும். நான் கட்டைவிரலை வைத்து உதட்டைப் பிதுக்கினால் அந்தத் தோல் மேசையை விட்டு இறங்க வேண்டியதுதான். இங்கே ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். விரிப்பில் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்தால் மடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாண்டரியில் பத்து வருடம் முடித்ததற்கு ஒரு கேக் வெட்டி, ஒரு பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மட்டும்தான் செல்லுமாம். எனக்கு வேண்டியது ஒரு நல்ல இட்லிப் பாத்திரம்.

2

கடையில் ஹெட்போன்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேச நான் காதுக்குள் சொருகுகிற பழைய வயரில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. சரி, இதுவாவது வாங்குவோம் என்று போனேன்.

விற்கிற பையன் கேட்டான், என்ன மாதிரி சத்தம் பிடிக்கும் என்று. சத்தத்தில் மாதிரி இருக்கிறதா என்ன? நான் காதில் வைக்கிற மெத்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். முதலாவது ரெக்ஸின். இரண்டாவதும் ரெக்ஸின், கொஞ்சம் விலை கூடின ரெக்ஸின். மூன்றாவதைத் தொட்டதும் கை நின்றுவிட்டது. மடக்கிப் பார்த்தேன். சுருக்கம் மெல்லியதாக விழுந்து உடனே மறைந்தது. மோந்து பார்த்தேன். பையன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

"இது செம்மறியா, வெள்ளாடா?" என்று கேட்டேன்.

அவன் உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, ஆட்டுக்குட்டித் தோல் என்று அட்டையில் போட்டிருக்கிறது என்றான். செம்மறிதான். என் விரலுக்கு முன்பே தெரியும். பதினோரு வருடத்துக்குப் பிறகு என் கட்டைவிரல் ஒன்றைச் சரியாகச் சொன்னது. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

அவன் என்னென்னவோ விளக்கினான். இது பிளேனர், உள்ளே மெல்லிசாக ஒரு படலம் காந்தங்களுக்கு நடுவில் துடிக்கும். வயர் கிடையாது. வெளிப்பக்கம் மூடியில்லை, கம்பி வலை மட்டும்தான், திறந்த மாதிரி. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம் என்றான். வலையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து நானும் தலையாட்டினேன். ஷூவில் ஓட்டை போடுவது கால் வேர்க்காமல் இருக்க. இதில் காது வேர்க்காமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் நினைத்தது வேறு, நான் நினைத்தது வேறு. கூப்பனுக்கு மேல் கையிலிருந்தும் போட்டு வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மற்றவர்கள் எழுதிய அனுபவங்களைப் படித்தேன். ஒருவர் சத்தத்தின் மேடை அகலமாக இருக்கிறது என்கிறார். இன்னொருவர் அடிச்சத்தம் போதவில்லை என்கிறார். தோலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை.

3

ஞாயிறு காலையில் அக்காவோடு பேசுவது எங்கள் வழக்கம். எனக்குக் காலை, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா பெயர் தேவகி. பள்ளிகொண்டாவில் வீடு, ஆம்பூரில் நான் இருந்த அதே கம்பெனியில் இன்னும் தையலில் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். நூறு மெஷின் ஓடுகிற ஹாலில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு ஒரே அளவு சத்தம்தான்.

புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் முறை பேசியபோது பயந்துவிட்டேன். அவள் குரல் காதுக்குள் கேட்கவில்லை. சமையலறையில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். வயர் இல்லாததால் வீடு முழுக்க நடந்துகொண்டே கேட்டேன். துணி மடித்தேன், சாம்பாருக்குப் புளி கரைத்தேன், கீர்த்தியின் அறைக்கு வெளியே வெந்நீர்க் குழாய் ஓரமாக, அங்கேதான் கதகதப்பாக இருக்கும், சாய்ந்து நின்றேன்.

கீர்த்தி என் மகள், பதினெட்டு வயசு. கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லாமல், அக்கா என்னை விரிஞ்சிபுரத்துக் கோயிலுக்குக் கார்த்திகை மாதக் கடை ஞாயிறு அன்று அழைத்துக்கொண்டு போய், பிள்ளை வரத்துக்காகக் குளத்தில் முழுகவைத்து ஈரப் புடவையோடு கோயிலிலேயே படுக்கவைத்து, அதற்கப்புறம் பிறந்தவள். ஏழு வயசில் இங்கே வந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இப்போது அதுவும் குறைந்து, கதவுதான் அதிகம் தெரிகிறது. "சாப்பிடு", "குளி", "லைட்டை அணை" தவிர அவளுக்குத் தமிழ் மிச்சமில்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவளுக்கு அபெர்டீனில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஸ்காட்லாந்தின் மேல் கோடி, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததே எனக்கு விரல் விட்டு எண்ணுகிற தடவைதான், என் வயிற்றில் பிறந்தது கடலைப் படிக்கப் போகிறது. கடிதம் வந்த அன்று அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? அவருக்கு ஷிப்டு. அவர் வரும்போது நான் கிளம்புவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னேன். அதிலிருந்து ஒரு திட்டம் கிளம்பியது.

4

கம்பெனியில் லைனில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு முறை உண்டு. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது, தூரத்தில் இருக்கிறவள் கேள்வியாகக் கேட்பாள். கிட்டே இருக்கிறவள் வேலையிலிருந்து தலை தூக்காமல் "ம்", "ம்ஹூம்" இரண்டில் ஒன்றைச் சொல்வாள். பெண் பார்த்தது, மாமியார் சண்டை, யார் வேலையை விடப்போகிறாள், எல்லாம் இந்த இரண்டில் முடிந்துவிடும். வீட்டில் ஆள் இருக்கும்போது நானும் அக்காவும் போனில் இப்படித்தான் பேசுவோம். என் வாயிலிருந்து ஒன்றும் வெளியே வராது. கேள்வி எல்லாம் அவளுடையது, அது என் காதுக்கு மட்டும்.

ஹெட்போன் வந்த இரண்டாவது ஞாயிறு, வெந்நீர்க் குழாயில் சாய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னாடி, யோசிச்சியா? மேனேஜர் மறுபடி கேக்கறாரு. புதுசா வர்ற பொண்ணுங்களுக்குத் தோல் பாக்கக் கத்துக்குடுக்க ஆளே இல்லியாம். விமலா வந்தா நாளைக்கே சேத்துக்கறேன்றாரு. வர்றியா?"

"ம்."

"மாடி ரூமு காலியாதான் இருக்குது. செப்டம்பர்ல புள்ள காலேஜுக்குப் போய்டும். நீ வந்துடு. மாப்ளகிட்ட சொன்னியா?"

"ம்ஹூம்."

"சுத்தப் பேஜாருடி உன்னோட. பொண்ணுகிட்டயாவது?"

"ம்ஹூம்."

அக்கா விடவில்லை. அப்புறம் கேட்டாள், "நீ இங்க வந்துட்டா அவ உன்னத் தேடுவாளாடி?"

நான் யோசிக்கவே இல்லை. "ம்ஹூம்" என்றேன்.

அப்போது யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மெல்லிசாக ஒரு விசும்பல். அக்காவின் குரல் எங்கிருந்து வந்ததோ அதே இடத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"அக்கா, யார் அங்க அழறது?"

"இங்க யாருமில்லியே. நான் ஒருத்திதான் இருக்கறேன். டிவி கூட ஓடல."

ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். இணையத்தில் தேடினேன். இரைச்சல் வருகிறது என்று எழுதினவர்கள் உண்டு. அழுகை வருகிறது என்று யாரும் எழுதவில்லை.

அந்த வாரம் கீர்த்தி மாறிப்போனாள். வேலை முடிந்து வந்தால் டீ போட்டு வைத்திருந்தாள். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தாள். "ஆம்பூரில் குளிர்காலம் எப்படி இருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு வியாழக்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அபெர்டீன் வேண்டாம், டெர்பியிலேயே பிசினஸ் படிப்புக்கு இடம் இருக்கிறது, பஸ்ஸில் இருபது நிமிடம், அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று.

அவர் சண்டைக்குப் போனார். அது எப்படி, ஏன், உனக்குப் பைத்தியமா என்று கத்தினார். அவள், மனம் மாறிவிட்டது என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த புதன்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டுமாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு பக்கம் சர்க்கரை கரைந்தது. பெண் என் பக்கம் திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன். இன்னொரு பக்கம், அந்த மாடிப்படிச் சிரிப்பு எங்கே போனது என்று புரியவில்லை.

5

லாண்டரி கேன்டீனில் எனக்கு எதிரே உட்காருகிறவள் டனூட்டா, போலந்துக்காரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பழைய தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். டனூட்டா சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே முனகினாள். எனக்குப் புரைக்கேறியது. அவள் முனகியது என் காதில் ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டு. சரணத்தில் குழல் வருகிற இடம் உட்பட.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே தினமும் போடுகிறாய். எங்கள் எல்லோருக்கும் கேட்கிறதே. நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை."

நான் கழற்றி மேசையில் வைத்தேன். பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. கம்பி வலையின் பக்கம் காதை வைத்தேன். உள்ளே எப்படியோ வெளியேயும் அப்படியே. அந்த ஓட்டைகள் காற்றுக்கு இல்லை. வெளியிலிருப்பது உள்ளே வரவும் உள்ளிருப்பது வெளியே போகவும்தான். கடைப்பையன் இதைத்தான் அத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அப்போது விசும்பல் ஞாபகம் வந்தது. வெந்நீர்க் குழாய், அதற்குப் பின்னால் பலகைச் சுவர், அதற்குப் பின்னால் அவள் கட்டில். அக்காவின் தொண்டை. "அவ உன்னத் தேடுவாளாடி?" அதற்கு நான் சொன்னது.

அன்று எத்தனை விரிப்பு மடித்தேன் என்று தெரியாது.

வீட்டுக்குப் போய் அவளிடம் நேராகக் கேட்கத்தான் நினைத்தேன். கதவைத் தட்டி, "நான் போன்ல பேசறது உனக்குக் கேக்குதா?" என்றேன். "எது?" என்றாள். "சத்தம் தொந்தரவா இருக்கா?" என்றேன். இல்லை என்றாள். "அபெர்டீன் ஏன் வேண்டாம்?" என்றதும், எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அது வேறு சிரிப்பு. பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தெரிந்துகொண்டேன் என்று அவளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எந்த மொழியில் ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை திருப்பி அனுப்புகிற படிவத்தைத் திறந்தேன். காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பழுதாக வந்தது. அளவு பொருந்தவில்லை. விவரித்தபடி இல்லை. மனம் மாறிவிட்டது. பழுதும் இல்லை, அளவும் சரி, அட்டையில் எழுதியபடிதான் இருக்கிறது. கடைசிக் காரணத்தில் விரலை வைத்தேன். மகள் சொன்ன அதே வார்த்தை. மூடிவிட்டேன்.

6

ஞாயிறு காலை குளித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். வெந்நீர்க் குழாயில் சாய்ந்து நின்று அக்காவைக் கூப்பிட்டேன். காது வலித்தது.

"இன்னாடி, முடிவு பண்ணியா? வர்றியா இல்லியா?"

"அக்கா, வரணும்னு ஆசையா இருக்கு. பயமாவும் இருக்கு. அவர்கிட்ட இன்னும் சொல்லல. வந்தா திரும்பிப் போவேனான்னு தெரியல, வரலைன்னா இங்க இன்னா பண்ணுவேன்னும் தெரியல."

"ஏண்டி இப்படிக் கத்தற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வீட்ல யாரும் இல்லியா?"

"இருக்காங்க. கீர்த்தி அபெர்டீன் வேணாம், இங்கயே படிக்கிறேன்றா. எனக்காகச் சொல்றா. நான் தனியா இருக்கறேன்னு பாவம் பாக்கறா. எனக்கு அது வேணாம் அக்கா. நான் வர்றதும் வராததும் என் குழப்பம். அவ அத தூக்கிச் சுமக்கக் கூடாது. அவ இங்கயே இருந்தாலும் என் குழப்பம் தீராது."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு அக்கா பேசினாள். ஒரு சொல் விடாமல் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

"நீ ஊரை விட்டுப் போனப்போ நான் மூணு நாள் வேலைக்குப் போவல, தெரியுமா? ஜொரம்னு லீவு சொல்லிட்டுப் படுத்துனு அழுதேன். லைன்ல உன் எடத்துல வேற ஒருத்திய உக்கார வெச்சாங்க. ஒரு மாசம் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. உங்கிட்ட சொன்னனா? சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

"ம்ஹூம்" என்றேன். அது பழைய பழக்கம், தானாக வந்துவிட்டது.

"போயிருக்க மாட்ட. அதான் சொல்லல. போற புள்ளிங்க போவட்டும்டி. அவ கடலுக்குப் போவட்டும். தேடறவங்க தேடினு இருப்போம், அதுக்கின்னா இப்போ."

அந்தச் சத்தம் மறுபடி கேட்டது, மூக்கு உறிஞ்சுகிற சத்தம். இந்த முறை அது அக்காவுக்கும் கேட்டது.

"யாருடி அங்க அழறது?"

கதவு திறந்தது. கீர்த்தி நைட்டியோடு நின்றாள். என் தலையைப் பிடித்து, வாயை என் கன்னத்துக்கு அருகே கொண்டுவந்து, நூறு மெஷின் ஓடுகிற ஹாலில் பேசுகிற மாதிரி கத்தினாள்.

"நான்தான் பெரிம்மா. நான் தேடுவேன். ஆனா போறேன்."

"கீர்த்தியா? தமிழ் பேசுதா?" என்றாள் அக்கா. பிறகு இரண்டு பேரும் என் தலைக்குக் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள். அங்கே மீன் கிடைக்குமா என்று அக்கா கேட்டாள். மீன் சாப்பிடப் போகவில்லை, மீனைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்பதைத் தமிழில் சொல்ல அவள் பட்ட பாடு! நான் கம்பமாக நடுவில் நின்றிருந்தேன். கீர்த்தியின் கை என் காதுமேல், செம்மறித் தோல்மேல் இருந்தது.

7

புதன்கிழமைக்குள் அவள் அபெர்டீனை உறுதி செய்துவிட்டாள். ஆம்பூர் விஷயத்தை அவரிடம் நான் சொன்னேன். அவர் கணியம்பாடிக்காரர், வேர்க்கடலை விதைக்கிற குடும்பம், மகள் படிப்புக்குத்தான் கத்துவார், மற்ற எதற்கும் சட்டென்று வாயைத் திறக்க மாட்டார். ரொம்ப நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "லீவு போட்டுட்டுப் போறியா, வேலைய விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சரி என்றார். அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியவில்லை. மேனேஜரிடம் செப்டம்பர் வரை பொறுக்கச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாளில் திருப்பி அனுப்புகிற தேதி முடிந்துவிடும். நட்சத்திரங்கள் ஐந்தும் காலியாகத்தான் இருக்கின்றன. தோலைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் ஐந்து போடுவேன். இந்த விலையில் இவ்வளவு நல்ல செம்மறி கிடைக்காது, தையலும் நேராக இருக்கிறது. மற்றபடி, பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது இது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆள் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று செப்டம்பர் வந்தால்தான் தெரியும். அதைக் கேட்காமல் எத்தனை நட்சத்திரம் என்று இப்போதே எப்படிச் சொல்வது?